என்ன தெரியுது, அண்ணாச்சி?

1. முதல் ஊசி எனக்கு

எண்பதுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் டெலிவரி பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் கேரியரில் துணிச் சுருளையும் பஞ்சுக் கட்டையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போவேன். போன இடத்தில் சும்மா இருக்கிற வழக்கம் என்னிடம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எந்த ஊர், என்ன நோக்காடு, எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பேன். அவர்களும் மனசு விட்டுச் சொல்வார்கள். அப்படி ஒரு கிளினிக்கில் என் பேச்சை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஒருநாள் வெளியே வந்தார்.

"பாய், என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா? இந்த ஊர் ஜனங்க உடம்பைப் பத்திச் சொல்றதுல பாதி எனக்குப் புரிய மாட்டேங்குது."

டாக்டர் மெட்ராஸ்காரர். இங்கிலீஷ் வைத்தியம் முறையாகப் படித்தவர், பிறகு அக்குபங்சரும் கற்றுக்கொண்டவர். மனைவிக்குச் சொந்த ஊர் ராஜபாளையம் என்பதால் இங்கே வந்து கிளினிக் போட்டிருந்தார். மறுநாள் காலையில் நான் போய் நின்றதும், பெஞ்சில் உட்கார வைத்து, லுங்கியை முழங்காலுக்கு மேலே ஏற்றச் சொன்னார். முட்டிக்குக் கீழே, எலும்புக்கு வெளிப்பக்கமாக ஸ்பிரிட் தடவி ஒரு ஊசியை இறக்கினார்.

"எதுக்கு டாக்டர்? எனக்கு ஒரு வியாதியும் இல்லையே!"

"இங்க நிக்கிறவருக்கு இது எப்படி இருக்கும்னு தெரியணும் பாய். என்ன தெரியுது, சொல்லுங்க."

முதலில் சுருக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். அவர் இரண்டு விரலால் ஊசியை மெல்லத் திருகியபோதுதான் வேறொன்று வந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. சைக்கிள் டியூபுக்குப் பம்பு வைத்துக் காற்றடிக்கும்போது உள்ளே திம்மென்று உப்புமே, அந்த மாதிரி கணுக்கால் வரைக்கும் உப்பிக்கொண்டு போனது. அதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதைத்தான் எதிர்பார்த்தேன். ஊசி சரியான இடத்துல நிக்குதான்னு என் விரல் கொஞ்சம் சொல்லும். மிச்சத்தைப் படுத்திருக்கிறவர்தான் சொல்லணும். அதைக் கேட்டு வாங்கறது உங்க வேலை."

ஊசிகளை ஸ்டெரிலைசரில் வேகவைப்பது, வளைந்ததைக் கழித்துப் போடுவது, நேரம் பார்த்து ஊசியை எடுப்பது, இதெல்லாம் நான் பார்த்த மற்ற வேலைகள். முக்கியமான வேலை, கட்டில் பக்கத்தில் நின்று 'என்ன தெரியுது?' என்று கேட்பதுதான்.

2. ஆளுக்கொரு உவமை

அந்த ஒரு கேள்விக்கு எம்புட்டு விதமாகப் பதில் வரும் என்கிறீர்கள்!

கான்சாபுரத்து விவசாயி ஒருவருக்குத் தோள்பட்டையில் ஊசி போட்டோம். "மடையத் தொறந்து விட்டா வாய்க்கால்ல தண்ணி ஓடும்லா பாய், அப்படி முழங்கை வழியா விரலுக்கு ஓடுது. இந்தா, சுண்டு விரலுக்கு வந்துட்டு" என்று தண்ணீர் போகிற பாதையை மற்ற கையால் காட்டினார். மில்லில் வைண்டிங் பார்க்கிற பெண், "ஓடுற ஸ்பிண்டில்ல விரல வச்ச மாதிரி கிறுகிறுங்கு" என்றாள். ராஜபாளையத்துத் தெலுங்கு பேசும் பெரியம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சீமலு, சீமலு" என்று முனகினார். எறும்பு எறும்பு என்கிறார் என்று நான் டாக்டருக்குச் சொன்னேன். செட்டியார்பட்டியிலிருந்து வந்த வாத்தியார், கோயில் மணி அடிக்கும்போது கம்பத்தில் கையை வைத்தால் ஒரு அதிர்வு வருமே, அது இது என்றார்.

ஒருநாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மாமியாரும் மருமகளும் படுத்திருந்தார்கள். மருமகளுக்குப் புறங்கையில் ஊசி. என்ன தெரியுது என்றேன்.

"எங்க அத்தை கிள்ளுன மாதிரி இருக்குண்ணே."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து உடனே குரல் வந்தது: "ஏட்டி, நான் கிள்ளியிருந்தா நீ இப்படிப் படுத்துக்கிட்டா சொல்லுவ? எந்திரிச்சு ஓடியிருப்ப!"

டாக்டர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றார்.

ஊசி பிடிக்கிறது என்று நாங்கள் சொல்வது இந்த உணர்ச்சியைத்தான். மதமதப்பு, பாரம், இழுப்பு, குறுகுறுப்பு, வெதுவெதுப்பு, சில இடத்தில் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. எது வந்தாலும் நல்லது. சுளீரென்று எரிந்தால் மட்டும் இடம் சரியில்லை என்று அர்த்தம். ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது, ஆனால் தூக்கம் வந்துவிடும். குறட்டை விட்டவர்களும் உண்டு.

3. திரை வழியாக வந்த பதில்

வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹால். மூன்று கட்டில்கள், நடுவில் தடுப்புக்கு எங்கள் பழைய கம்பெனி பேண்டேஜ் துணியையே கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். ஆள் தெரியாது. ஆனால் இந்தக் கட்டிலில் பேசுவது அந்தக் கட்டிலில் கேட்கும், பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்.

அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. காலையில் முதலில் வந்தவர் 'கரண்ட் அடிக்கிற மாதிரி' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க எல்லாருக்கும் கரண்ட்தான். எறும்பு என்றால் எல்லாருக்கும் எறும்பு. நம் ஜனங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. தனக்காக ஒருவர் குனிந்து நின்று பாடுபடும்போது, அவர் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லி முகத்தை வாட வைக்க மாட்டார்கள். விருந்தில் 'குழம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டால், உப்பே இல்லாவிட்டாலும் 'நல்லாருக்கு' என்கிற மாதிரிதான். டாக்டருக்கு இது தெரியாது. எனக்கும் அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது.

4. சுப்பையா அண்ணாச்சி

சுப்பையா அண்ணாச்சி அங்கே ஒரு பால்கோவா கடையில் சட்டி மாஸ்டர். நாற்பது வயசு தாண்டியவர், பெரிய உருவம். அடுப்பில் அகலமான இரும்புச் சட்டி, கையில் நீளக் கரண்டி. பால் சுண்டச் சுண்டக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டாலும் அடிப்பிடித்துவிடும். பதம் பார்க்கிறபோது கொதிக்கிற கோவாவை விரலால் அள்ளி உருட்டிப் பார்ப்பார். இறக்கும்போது இடது கைக்கு மட்டும்தான் துணி; வலது பக்கக் காதை வெறும் கையால் பிடித்துத் தூக்கி வைப்பார். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கடையில் நின்று இதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். முதலாளி பெருமையாகச் சொல்வார்: "நம்ம மாஸ்டர் கை இரும்பு."

அவர் எங்களிடம் வந்தது முழங்கை வலிக்கு. வலி உள்பக்கமாக இறங்குகிறது, கரண்டி பிடியிலிருந்து வழுக்குகிறது என்றார். இத்தனை பெரிய ஆளுக்கு ஊசியைப் பார்த்தால் பயம். படுத்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்க பாய்" என்பார். முழங்கைக்குப் போடுகிற ஊசி அவருக்குத் தெரிந்தது. கைக்குப் போடுவதைக் கேட்டால், "ஆங், கரண்ட்டு மாதிரி" என்பார். இன்னொரு நாள், "எறும்பு மாதிரி." வலி கொஞ்சம் குறைந்தது. பிடி மட்டும் சரியாகவில்லை.

5. மழை நாள்

ஐப்பசி மழை. மேற்கே மலையில் நல்ல மழை என்று கூமாப்பட்டிப் பக்கமிருந்து வருகிற பஸ்கள் நின்றுவிட்டன. ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. மழைக்குக் கடையில் வியாபாரம் மந்தம் என்று சுப்பையா அண்ணாச்சி மட்டும் குடையோடு வந்து சேர்ந்தார்.

வழக்கம்போலச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு டாக்டர் கையிலிருந்து தொடங்கினார். சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் ஊசி இறங்கியது. டாக்டர் திருகினார். கொஞ்சம் ஆழமாக்கினார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் அண்ணாச்சியே பேசிவிட்டார்.

"என்ன டாக்டர், மழையப் பாத்துக்கிட்டு இருக்கீகளா? குத்துங்க, பரவால்ல. மனசத் திடப்படுத்தியாச்சு."

ஊசி அவர் கையில் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் வாயில் விரலை வைத்துவிட்டு இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். பிறகு கண்ணால் சைகை காட்டினார், கேளுங்கள் என்று.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

அவர் திரைப் பக்கம் காது கொடுத்தார். பக்கத்துக் கட்டில்கள் காலி. பெஞ்சும் காலி. மழைச் சத்தம் மட்டும்.

"நீங்களே சொல்லுங்க பாய்" என்றார் மெதுவாக. "என்ன தெரியணும்?"

டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார். ஒரு பஞ்சுத் துணுக்கைத் திரித்து, கண்ணைத் திறக்காமல் இருக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் வரை அங்கங்கே தொட்டார். தொட்டதும் 'உம்' சொல்ல வேண்டும். முன்கையில் 'உம்', பெருவிரலில் 'உம்', ஆள்காட்டி விரலில் 'உம்'. சுண்டு விரலில், அதற்கு அடுத்த விரலின் பாதியில், உள்ளங்கை ஓரத்தில் சத்தமே இல்லை. அங்கேதான் பழைய தீக்காயத் தழும்புகள் வரிசையாக இருந்தன. இத்தனை நாள் அதைத் தொழிலின் அடையாளம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டாக்டர் அண்ணாச்சியின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். புஜத்துக்குப் பின்பக்கம், அவர் கண்ணுக்கே எட்டாத இடத்தில், வெளிறிய தேமல் ஒன்று. அதைத் தொட்டாலும் 'உம்' இல்லை. முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடுகிற நரம்பைத் தடவினார். அது சணல் கயிறு மாதிரி தடித்திருந்தது.

"எழுந்து உட்காருங்க சுப்பையா" என்றார். "உங்க கை இரும்பு இல்ல. உணர்ச்சி போயிருக்கு. தொட்டா தெரியற விரல்லகூட சூடு தெரியறது குறைஞ்சிருக்கும். எனக்குத் தொழுநோய்னு சந்தேகம். இதுக்கு என் ஊசி பத்தாது. அரசாங்க ஆஸ்பத்திரியில இதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. மாத்திரை குடுப்பாங்க. குணமாகிற வியாதி."

அண்ணாச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பால் சட்டி பக்கத்துல நிக்கிறவன் டாக்டர். பெரிய வியாதிக்காரன் கிளறுன கோவாவ எவன் திம்பான்?"

"இது அப்படித் திங்கற பண்டத்துல ஒட்டற வியாதி இல்ல. மாத்திரை ஆரம்பிச்சிட்டா யாருக்கும் பயமே வேண்டாம். உங்க கைக்குத்தான் பயம். இப்படியே வெறும் கையில சட்டி தூக்கினா, விரலே போயிடும்."

"சரி டாக்டர்" என்றார். குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே போனார்.

6. கோமதி அக்கா

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. குடையைக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சட்டிக் காதை வெறும் கையால் பிடித்து, எப்போதையும்விட மெதுவாக, எல்லாரும் பார்க்கத் தூக்கி இறக்கி வைத்தார். ஜனங்கள் கை தட்டாத குறைதான். பின்கட்டில் போய்க் குடையை நீட்டினேன்.

"அண்ணாச்சி, டாக்டர் கேட்டாரு."

"பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஊர்ல எனக்கு இருக்கிற பேரே இந்தக் கைதான். அதையும் பிடுங்கிராதீக."

வாயாடி என்று பெயர் எடுத்த நான் குடையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தார். முட்டி வலி என்றார். படுக்க வைத்து, முட்டிக்குக் கீழே ஊசி போட்டு, என்ன தெரியுது அக்கா என்று கேட்டேன்.

"கனமா இருக்கு. ஈரச் சாக்கு ஒண்ணத் தூக்கிக் கால் மேல போட்ட மாதிரி. இப்பக் கணுக்கால் வரைக்கும் வந்துட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "இது எல்லாருக்கும் தெரியுமா பாய்?"

"அனேகமா எல்லாருக்கும் தெரியும்க்கா."

"அவியளுக்கு மட்டும் ஏன் தெரியல?"

அப்போதுதான் எங்களுக்கு அவர் சுப்பையா அண்ணாச்சியின் சம்சாரம் என்று தெரிந்தது. பெயர் கோமதி. அன்றைக்கு மழையில் நனைந்து வந்தவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக் கேட்டு, கடைசியில் டாக்டர் சொன்னது அத்தனையும் வெளியே வந்திருக்கிறது.

"எனக்கு ரெண்டு வருசமாவே ஒரு மாதிரிதான் டாக்டர்" என்றார் கோமதி அக்கா. "குளிக்க வெந்நி வெளாவி வச்சா, அவிய எந்தக் கைய விட்டுப் பாக்காகன்னு பாப்பேன். எடது கைய விட்டா 'ஆத்தாடி, கொதிக்கு'ம்பாக. வலது கைய விட்டா 'பதமா இருக்கு'ம்பாக. ஒரே தண்ணி! நான் என்னமோ அடுப்புல நின்னு நின்னு காச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினார். பிள்ளைகளையும் ஒருதடவை கூட்டிவந்து காட்டச் சொன்னார். அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாத்திரை போட்டா வெரல் நிக்குமா?"

"இப்ப ஆரம்பிச்சா நிக்கும்."

"அப்ப நாளைக்கிக் கூட்டிட்டு வாரேன். வரமாட்டேன்னா, வெந்நி வெளாவி ரெண்டு கையையும் ஒண்ணா உள்ள வைக்கச் சொல்லுதேன். அவியளே சொல்லட்டும், எந்தக் கை பொய் சொல்லுதுன்னு."

அப்படியே செய்திருக்கிறார். மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணாச்சி முகத்தில் வீம்பு இல்லை. "ரெண்டு கையும் ஒரே தண்ணியில இருந்துச்சு பாய்" என்று மட்டும் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே தோலைச் சோதித்துப் பார்த்து, டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்றார்கள். மாசத்துக்கு ஒருதடவை அவர்கள் முன்னால் மாத்திரை போட வேண்டும், மிச்சத்தை வீட்டில் விடாமல் போட வேண்டும். நரம்பு வீக்கத்துக்கும் தனியாக மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடையில் என்ன சொல்வது என்பதுதான் மிச்சம். "கையில நரம்பு கெட்டுப் போச்சு, சூடு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அண்ணாச்சியே முதலாளியிடம் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றிலிருந்து சட்டிக் காதுக்குக் கனத்த சாக்குத் துணி. பதம் பார்க்கக் கரண்டி நுனி. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கோவா ருசி மாறவில்லை என்று முதலாளி சொன்னாராம். அண்ணாச்சி அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

7. சுட்டது

அடுத்த வருஷம் கோடையில் ஒருநாள். ஹால் நிறைய ஆள். மூன்று கட்டிலிலும் ஊசி குத்திய உடம்புகள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சுப்பையா அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். கோவா வாசம் அவருக்கு முன்னால் வந்துவிட்டது.

"பாய், சுட்டுட்டு!"

"என்ன அண்ணாச்சி?"

"சட்டி சுட்டுட்டு பாய்! துணி நழுவிட்டு. சுரீர்ன்னுச்சு! வெடுக்குன்னு கைய எடுத்துட்டேன். நானா எடுக்கல, அதுவே எடுத்துக்கிட்டு! இங்க பாருங்க!"

உள்ளங்கை ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவர் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாரிடமும் காட்டினார். பெஞ்சிலிருந்த ஒருவர், "ஏலே, சுட்டதுக்கா இம்புட்டுச் சந்தோசம்? இந்த ஆளுக்குத் தலையில ஊசி போடுங்க டாக்டர்" என்றார். அண்ணாச்சி அவரைப் பார்த்தும் சிரித்தார்.

டாக்டர் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்து, பஞ்சை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை ஓரத்தில் 'உம்'. மோதிர விரலில் 'உம்'. சுண்டு விரல் அடியில் மெல்லிசாக ஒரு 'உம்'. நுனியில் இல்லை. அந்த நுனி அவருக்குக் கடைசி வரை திரும்பவில்லை. ஆனால் ஐந்து விரலும் இருந்தன.

"துணி நழுவற மாதிரி ஏன் பிடிச்சீங்க? இனிமே கவனமா இருக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் அதட்டினார்.

"திட்டுங்க டாக்டர், திட்டுங்க. எரியுதுல்ல, திட்டு கேக்கச் சொகமா இருக்கு."

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'எறும்பு ஊருதா? கரண்ட் அடிக்குதா?' என்று நீங்களே பதிலை ஊட்டிவிடாதீர்கள். ஊட்டினால், மரியாதைக்காக விழுங்கிவிடுவார்கள். வெறுமனே 'என்ன தெரியுது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மழைநாளுக்குப் பிறகு நான் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லப் பழகினேன்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் எங்களுக்கு வேணும்." திரைகளையும் மாற்றினோம். பேண்டேஜ் துணிக்குப் பதில் பலகைத் தடுப்பு வந்தது. அதனால் சில நல்ல வேடிக்கைப் பேச்சுகள் எனக்கு நட்டமாகிப் போயின. போகட்டும்.

வலிக்குது என்று ஒருவர் கத்தினால் இன்றைக்கும் எனக்குப் பதற்றம் வராது; அந்த இடம் உயிரோடு இருக்கிறது, ஊசியைச் சற்று இழுத்துவிட்டால் போதும். ஒன்றும் தெரியவில்லை என்று கூச்சத்தோடு சொல்கிறவர் பக்கத்தில்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன்.